பொம்மை ரயில் தண்டவாளத்தை வெவ்வேறு மின்முறைகளுக்குப் பொதுவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பெட்டியிலிருந்து எடுத்த ஒரு ரயிலும் புதிதாக வாங்கிய ஒரு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்ற ஆசை, இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய பெரும்பாலானோருக்கு ஒரு கட்டத்தில் வந்தே தீரும். சக்கரம் தண்டவாளத்தில் அழகாகப் பொருந்தும். ஆனால் எஞ்சின் அசையாது, அல்லது மின்வழங்கி விளக்கு அணைந்துவிடும், அல்லது மெலிதாகப் புகை வரும். அதற்குப் பின் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

அகலம் ஒன்றாகவே இருக்கிறது. பிறகு ஏன் ஒரு எஞ்சின் இன்னொரு பாதையில் ஓடுவதில்லை?

தண்டவாளத்தின் அகலம் என்பது சக்கரத்துக்கான உடன்பாடு மட்டுமே. மின்சாரத்துக்கான உடன்பாடு வேறு. எச்ஓ (HO) எனப்படும் பரவலான பொம்மை ரயில் அளவில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இடைவெளி இருக்கும். இதே 16.5 மி.மீ. அளவைத்தான் மெர்க்லின் என்ற ஜெர்மன் பொம்மை ரயில் நிறுவனத்தின் மூன்று தண்டவாளப் பாதையும், மற்ற நிறுவனங்களின் இரண்டு தண்டவாளப் பாதையும் கொண்டிருக்கின்றன. ஆனால் முதலாவதில் மின்சாரம் மூன்றாவது தண்டவாளமாக நடுவில் உள்ள உலோகப் பொத்தான்கள் வழியாக எஞ்சினுக்குள் ஏறி, இரு ஓரத் தண்டவாளங்கள் வழியாகவும் திரும்புகிறது. இரண்டாவதில் ஒரு தண்டவாளம் வழியாக ஏறி மற்றொன்று வழியாக இறங்குகிறது. முதல் வகையில் இரு ஓரத் தண்டவாளங்களும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே கம்பி. இரண்டாம் வகையில் அவை ஒன்றையொன்று தொடவே கூடாத இரண்டு கம்பிகள். முரண்பாடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

நான் எதிர்கொள்ளக்கூடிய மின்முறைகள் எவை?

முதலாவது, இரண்டு தண்டவாள டிசி (ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம்). 0 முதல் 12 வோல்ட் வரை கூட்டிக் குறைத்து வேகத்தையும், நேர்-எதிர் துருவத்தை மாற்றித் திசையையும் கட்டுப்படுத்துவார்கள். இரண்டாவது, மூன்று தண்டவாள ஏசி (திசை மாறிக்கொண்டே இருக்கும் மாறுமின்சாரம்). மெர்க்லினின் எச்ஓ பாதையும், அமெரிக்காவில் லயனல் நிறுவனம் பரப்பிய, எச்ஓவைவிடப் பெரிய ஓ அளவுப் பாதையும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஏசியில் துருவம் என்று ஒன்று நிலையாக இல்லாததால், திசையை மாற்ற எஞ்சினுக்குள்ளேயே ஒரு ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்சு) இருக்கும். மெர்க்லினில் வழக்கமான 16 வோல்ட்டுக்கு மேல் ஏறத்தாழ 24 வோல்ட் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால் அந்த ரிலே புரளும். லயனலில் மின்சாரத்தை ஒரு கணம் துண்டித்துக் கொடுத்தால் எஞ்சின் முன்னே, நிற்றல், பின்னே, நிற்றல் என்று படிப்படியாக நகரும்.

மூன்றாவது டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாடு. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அது இடைவிடாமல் துருவம் மாறும் சதுர அலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையிலான நேரம் நீளமா குட்டையா என்பதில் கட்டளை பொதிந்திருக்கும். 58 மைக்ரோ விநாடி என்றால் ஒன்று, 100 மைக்ரோ விநாடிக்குக் குறையாமல் இருந்தால் சுழியம். எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் அதைப் படித்து மோட்டாரை இயக்கும். நான்காவது பேட்டரி முறை. அதற்குத் தண்டவாளம் வெறும் வழி. அது உலோகமா பிளாஸ்டிக்கா என்பதுகூடப் பொருட்டல்ல.

இரண்டு தண்டவாளமே போதும் என்னும்போது மூன்றாவதை ஏன் வைத்தார்கள்?

ஒரு பாதையை வளையமாகத் திருப்பி அதே பாதையில் கொண்டுவந்து சேர்த்துப் பாருங்கள். ரயில் போன திசைக்கு எதிர்த்திசையில் திரும்பி வரும் வளையம் அது. இரண்டு தண்டவாள முறையில் அந்த இடத்தில் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். உடனே ஷார்ட் ஆகும். மூன்று தண்டவாள முறையில் இரு ஓரங்களும் ஒன்றே என்பதால் நடுப்பகுதி நடுப்பகுதியோடும் ஓரம் ஓரத்தோடும் சேர்ந்து, எந்தச் சிக்கலும் எழுவதில்லை. தரையில் உட்கார்ந்து மனம் போனபடி தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் பிள்ளைக்கு, எப்படிக் கோத்தாலும் ஓடுகிற பாதையைக் கொடுப்பதே பொம்மை செய்பவரின் கடமை என்று கொண்டால், மூன்று தண்டவாளம் அசலைப் போலத் தோன்றாவிட்டாலும் அறிவார்ந்த ஏற்பாடுதான். மெர்க்லின் 1950களில் நடுத் தண்டவாளத்தை நீக்கிவிட்டுச் சிறு பொத்தான்களாக மாற்றியது, இந்த வசதியை இழக்காமல் தோற்றத்தைச் சீர்ப்படுத்துவதற்காகவே.

எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடலாமா?

தண்டவாளத்தை இணைக்கலாம், மின்வழங்கிகளை இணைக்கவே கூடாது. ஒரு தண்டவாளத் துண்டில் ஒரு நேரத்தில் ஒரு மின்வழங்கி மட்டுமே இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற விடைகள் அனைத்தும் இந்த விதியை மீறாமல் இருப்பதற்கான வழிமுறைகளே. அவை இரண்டு வகைப்படும். ஒன்று, இடத்தால் பிரிப்பது: இந்தப் பகுதி டிசி, அந்தப் பகுதி டிசிசி என்று தண்டவாளத்தை வெட்டி வைப்பது. மற்றொன்று, நேரத்தால் பிரிப்பது: ஒரே பாதையைச் சுவிட்சு மூலம் இப்போது ஒரு முறைக்கும் பிறகு இன்னொரு முறைக்கும் கொடுப்பது. இரண்டு தண்டவாள ரயிலையும் மூன்று தண்டவாள ரயிலையும் ஒரே பாதையில் ஓட்ட விரும்புகிறவருக்கு என் பரிந்துரை எப்போதும் இரண்டாவது வழியே. ஏனென்றால், இடத்தால் பிரித்தாலும் ஒரு வகை எஞ்சின் எல்லையைத் தாண்டி மறு பகுதியில் ஓடப்போவதில்லை.

தவறான மின்சாரம் பட்டால் எஞ்சினுக்கு என்ன ஆகும்?

இரண்டு தண்டவாள டிசி எஞ்சினில் இருப்பது நிலைக்காந்த மோட்டார். அதற்கு ஏசி கொடுத்தால் விநாடிக்கு 50 அல்லது 60 சுழற்சிகளின் வேகத்தில் முன்னும் பின்னும் செல்ல முயன்று, எங்கும் செல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும். சுழலாத மோட்டாரின் சுருள் வேகமாகச் சூடேறும். சில நிமிடங்களில் சுருளின் பூச்சு உருகலாம், காந்தமும் வலுவிழக்கலாம்.

மறுபுறம், பழைய ஏசி எஞ்சினில் காந்தத்துக்குப் பதில் புலச்சுருள் (மின்சாரத்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்) இருக்கும். அத்தகைய மோட்டார் டிசியிலும் நன்றாகவே சுழலும், சில எஞ்சின்கள் இன்னும் அமைதியாகவே ஓடும். ஆனால் துருவத்தை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் செல்லும், ஏனெனில் அந்தச் சுருளிலும் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரிலும் மின்னோட்டம் ஒருசேரத் திசை மாறுகிறது. எனவே பழைய ஏசி எஞ்சினுக்கு டிசி தீங்கு செய்யாது. டிசி எஞ்சினுக்கு ஏசி தீங்கு செய்யும். சுவிட்சுகளைத் திட்டமிடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கையில் உள்ள பாதை எந்த வகை என்று எப்படி அறிவது?

மின்வழங்கியின் இணைப்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, எஞ்சினையும் பெட்டிகளையும் இறக்கிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இடது தண்டவாளத்தில் ஒரு முனையையும் வலது தண்டவாளத்தில் மறுமுனையையும் வையுங்கள். ஒலி வந்தால் இரு தண்டவாளங்களும் இணைந்தவை, அதாவது மூன்று தண்டவாள வகை. ஒலி வராவிட்டால் இரண்டு தண்டவாள வகை. பெட்டிகளின் சக்கரங்களையும் இப்படியே சோதிக்கலாம்: அச்சின் இருபுறச் சக்கரங்களுக்கும் இடையே ஒலி வந்தால், அந்தப் பெட்டி இரண்டு தண்டவாளப் பாதையில் ஷார்ட் உண்டாக்கும்.

மூன்று தண்டவாளப் பாதையை இரு வகைக்கும் பொதுவாக மாற்றுவது எப்படி?

முதலில் பாதை அதற்கு இடங்கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். மெர்க்லினின் பழைய எம் பாதையில் தகரத்தால் ஆன படுகையே இரு தண்டவாளங்களையும் சேர்த்துவிடுகிறது. அதை மாற்ற முயல்வது வீண் உழைப்பு. 1996இல் வெளிவந்த சி பாதை வேறு வகை. அதன் படுகை பிளாஸ்டிக். இரு ஓரத் தண்டவாளங்களையும் சேர்ப்பவை துண்டின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு உலோக இணைப்புகள் மட்டுமே. துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் அவை கண்ணுக்குத் தெரியும். கூரிய வெட்டுக்குறடால் அவற்றை வெட்டி, வெட்டிய முனைகள் மீண்டும் தொடாதபடி சற்று வளைத்துவிட்டால், இடது, வலது, நடு என மூன்றும் தனித்தனிக் கம்பிகளாகிவிடும். ஒவ்வொரு துண்டையும் வெட்டிய உடனேயே மல்டிமீட்டரால் சோதித்துவிடுங்கள். இருபது துண்டுகளை வெட்டிக் கோத்த பிறகு எங்கோ ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதைத் தேடுவது, பொறுமைசாலியையும் வெறுப்படையச் செய்யும் வேலை.

இப்போது சுவிட்சு. மூன்று முனைகளையும் ஒரே நேரத்தில் இருபக்கமும் மாற்றக்கூடிய, நடுவில் அணைந்த நிலை கொண்ட சுவிட்சு ஒன்று வேண்டும். நான்கு முனைச் சுவிட்சு எளிதில் கிடைத்தால் அதில் ஒன்றை வெறுமனே விட்டுவிடலாம். மாறும் பொதுமுனைகள் மூன்றிலிருந்தும் இடது, வலது, நடு ஆகியவற்றுக்கு ஒயர் செல்லும். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் இடதுக்கு டிசியின் ஒரு கம்பியும் வலதுக்கு மற்றொரு கம்பியும் வர வேண்டும். நடுவுக்கு எதுவும் வரக் கூடாது. மறுபக்கம் தள்ளினால் இடது, வலது இரண்டுக்கும் ஏசியின் திரும்பும் கம்பியும், நடுவுக்கு ஏசியின் ஊட்டும் கம்பியும் வர வேண்டும். அணைந்த நிலை ஓர் அலங்காரம் அன்று: ஒரு மின்வழங்கி முழுவதும் விலகிய பிறகே மற்றொன்று வருகிறது என்பதற்கு அதுவே உறுதி. பாதையில் ஓடும் மின்னோட்டத்தைவிட இருமடங்கு தாங்கும் சுவிட்சாக எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த அமைப்பில் ஒரு நுட்பமான விளைவு உண்டு. சுவிட்சு ஏசி பக்கம் இருக்கும்போது, இரண்டு தண்டவாள எஞ்சின் ஒன்று பாதையில் நின்றுகொண்டிருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இடதும் வலதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதன் மோட்டாருக்குள் மின்னோட்டம் புகாது. அதன் அடிப்பகுதி உலோகம் எதுவும் நடுப் பொத்தான்களைத் தொடாமல் இருந்தால் போதும். ஆனால் சுவிட்சு டிசி பக்கம் இருக்கும்போது மூன்று தண்டவாளப் பெட்டி ஒன்று ஓரமாக நின்றால்கூட, அதன் சக்கரமும் அச்சும் இடதையும் வலதையும் நேராக இணைத்து ஷார்ட் உண்டாக்கிவிடும். ஆகவே டிசிக்கு மாற்றுமுன் மூன்று தண்டவாள வண்டிகள் அனைத்தையும் பாதையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அல்லது அவற்றுக்கென்று இருபுறமும் வெட்டிப் பிரிக்கப்பட்ட ஒரு நிறுத்துப்பாதையை ஒதுக்க வேண்டும்.

இரண்டு தண்டவாளப் பாதையில் நடுப்பகுதியைச் சேர்க்க முடியுமா?

முடியும். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, கட்டைகளின் மேல், பொத்தான் பட்டையைப் பதித்துவிட்டால் மேற்சொன்ன அதே மூன்று கம்பிகளும் கிடைத்துவிடும். கவனிக்க வேண்டியது உயரம். எஞ்சினின் அடியில் உள்ள சறுக்குப் பட்டை பொத்தான்களை அழுத்தித் தொட வேண்டும். ஆனால் ஓரத் தண்டவாளங்களைத் தொடக் கூடாது. நேர்ப்பாதையில் இது எளிது. தண்டவாளங்கள் குறுக்கிடும் இடங்களில் மட்டும் பொத்தான்கள் தண்டவாளத்தின் தலையைவிடச் சற்று உயர்ந்து, சறுக்குப் பட்டையைத் தூக்கிக் கடத்திவிட வேண்டும்.

பாயிண்டுகளை என்ன செய்வது?

உண்மையான தலைவலி இங்கேதான். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயிண்டில் ஒரு பாதையின் இடது தண்டவாளம் மற்றொரு பாதையின் வலது தண்டவாளத்தை வெட்டிச் செல்லும் முனை ஒன்று உண்டு. மூன்று தண்டவாளப் பாயிண்டில் அது முழுவதும் உலோகமாக, எல்லாவற்றோடும் இணைந்திருக்கும். அங்கே அது தவறன்று. இரண்டு தண்டவாள முறையில் அந்த முனை பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், அல்லது தனியாகப் பிரிக்கப்பட்டு, பாயிண்டு திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் துருவமும் மாற வேண்டும்.

மூன்று தண்டவாளப் பாயிண்டை அறுத்துப் பிரித்து இரண்டு தண்டவாளத்துக்கு ஏற்ப மாற்றியவர்கள் உண்டு. ஆனால் அறுத்த இடங்களில் தண்டவாளம் தளர்ந்து, சக்கரம் துள்ளுவதை நான் கண்டிருக்கிறேன். அதைவிடத் தலைகீழாகச் செல்வதே எளிது: இரண்டு தண்டவாளப் பாயிண்டை வாங்கி, அதில் பொத்தான்களைச் சேர்ப்பது. மெர்க்லினின் சி பாதைக்கு இணையான வடிவமைப்பில் டிரிக்ஸ் என்ற பெயரில் இரண்டு தண்டவாளப் பாதை வெளிவருவதால், வளைவுகளின் அளவுகள் ஒத்துப்போகும். பொதுப்பாதையில் பாயிண்டே இல்லாமல் ஒரு வட்டத்தை மட்டும் இரு வகைக்கும் பொதுவாக்கிவிட்டு, நிலையங்களையும் நிறுத்துப்பாதைகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது இன்னும் புத்திசாலித்தனம்.

சக்கரங்களை மாற்ற வேண்டுமா?

பெட்டிகளுக்கு ஆம். இரண்டு தண்டவாளப் பாதைக்கான அச்சில் ஒரு சக்கரமாவது அச்சிலிருந்து மின்காப்புச் செய்யப்பட்டிருக்கும். மூன்று தண்டவாள அச்சில் அது தேவையில்லை. இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளியும் மாறுபடும்: இரண்டு தண்டவாள எச்ஓ சக்கரத்தில் ஏறத்தாழ 14.3 முதல் 14.5 மி.மீ. வரை, மெர்க்லினில் ஏறத்தாழ 14 மி.மீ. இந்த அரை மில்லிமீட்டரைச் சிறிதென எண்ண வேண்டாம். பாயிண்டில் பெட்டி தடம் புரள்வதற்கு அது தாராளமாகப் போதும். அச்சை மாற்றுவது பெரும்பாலான பெட்டிகளில் விரலால் செய்யக்கூடிய வேலை. எஞ்சின் சக்கரங்களை மாற்றுவது அப்படிப்பட்டதன்று.

ஓ அளவு லயனல் குழல் தண்டவாளத்தில் இது இயலுமா?

ஒரு பகுதிக்கு இயலும். அந்தப் பாதையில் நடுத் தண்டவாளம் உலோகக் கட்டைகளிலிருந்து காப்பு அட்டைத் துண்டுகளால் பிரிக்கப்பட்டிருக்கும். ஓரத் தண்டவாளங்கள் கட்டைகளில் நேராகப் பொருத்தப்பட்டிருக்கும். கட்டையின் நாக்குகளை மெதுவாக நிமிர்த்தி, ஓர் ஓரத் தண்டவாளத்தை எடுத்து, நடுத் தண்டவாளத்துக்குப் பயன்படும் அதே வகைக் காப்புத் துண்டை அதனடியில் வைத்து மீண்டும் மடக்கிவிட்டால், அந்தத் தண்டவாளம் தனியாகிவிடும். முனைகளில் உலோக ஊசிக்குப் பதில் பிளாஸ்டிக் ஊசியைச் செருக வேண்டும். ரயில் வரும்போது கைகாட்டியை இயக்கப் பலரும் இந்த உத்தியைப் பல ஆண்டுகளாகக் கையாள்கிறார்கள். முழுப் பாதையையும் இப்படிப் பிரித்து இரண்டு தண்டவாள எஞ்சினை ஏற்ற விரும்பினால், மின்சாரம் ஒத்துழைக்கும். ஆனால் மெல்லிய விளிம்புள்ள சக்கரங்கள் லயனல் பாயிண்டுகளில் விழும்.

டிசி பகுதியையும் டிசிசி பகுதியையும் ஒரே பாதையில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லை சரியாக அமைய வேண்டும். வெறுமனே இரு தண்டவாளங்களையும் அறுத்துக் காப்பு இணைப்பான்களைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. எஞ்சின் அந்த வெட்டைத் தாண்டும்போது அதன் முன்சக்கரங்கள் ஒரு பக்கமும் பின்சக்கரங்கள் மறுபக்கமும் இருக்கும். ஒரே பக்கச் சக்கரங்கள் எல்லாம் உள்ளே ஒரே ஒயரில் இணைந்தவை. ஆகவே அந்த எஞ்சினே இரண்டு மின்வழங்கிகளுக்கும் பாலமாகிவிடும். டிசிசியின் முழு மின்னழுத்தமும் டிசி கன்ட்ரோலரின் வெளியீட்டுக்குள் பாய்ந்தால், அதிலுள்ள டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பிழைக்காது.

எனவே நடுவில் ஒரு மாற்றுப்பகுதி வேண்டும்: இருமுனைகளிலும் இரு தண்டவாளங்களும் வெட்டப்பட்ட ஒரு நீளம். அது இரு கம்பிகளையும் ஒருசேர இருபக்கமும் மாற்றும் டிபிடிடி சுவிட்சின் வழியாக ஒரு நேரத்தில் டிசியையோ டிசிசியையோ பெறும்; நடுவில் அணைந்த நிலையும் இருக்கும். ரயில் டிசியில் உள்ளே வந்து, முழுவதும் உள்ளே வந்த பின் நிற்க வேண்டும். சுவிட்சு மாற வேண்டும். பிறகே டிசிசியில் வெளியேற வேண்டும்.

அதன் நீளம் எவ்வளவு? எஞ்சினின் நீளம் போதும் என்று நானும் முதலில் கருதினேன். உள்விளக்கு எரியும் ஒரு பயணிப்பெட்டியைக் கோத்து ஓட்டிய அன்று அந்தக் கருத்து மாறியது. அத்தகைய பெட்டியின் இரு போகிகளும் (முன்னும் பின்னும் உள்ள சக்கரத் தொகுதிகள்) தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து உள்ளே ஒன்றாக இணைகின்றன. எச்ஓ அளவில் நீளப்பெட்டி ஒன்று ஏறத்தாழ 30 செ.மீ. வரும். எஞ்சின் மாற்றுப்பகுதிக்குள் சரியாக நின்றிருந்தது. பின்னாலிருந்த பெட்டியின் ஒரு போகி மட்டும் வெட்டுக்கு வெளியே டிசி பகுதியில் நின்றிருந்தது. நான் சுவிட்சைத் தள்ளினேன். அந்தப் பெட்டியின் விளக்கு ஒருமுறை மிகப் பிரகாசமாக எரிந்தது. டிசி கன்ட்ரோலர் அதன்பின் எழவே இல்லை. மின்சாரம் எடுக்கும் கடைசி வண்டி வரை முழு ரயிலும் அடங்கும் நீளம் வேண்டும் என்பதே சரியான விடை.

டிசிசியில் ஓடிய எஞ்சின் டிசி பகுதிக்குள் நுழைந்ததும் ஏன் வேகமாகப் பாய்கிறது?

பெரும்பாலான டீகோடர்கள், டிஜிட்டல் அலை இல்லாமல் வெறும் டிசியை மட்டும் கண்டால் சாதாரண டிசி எஞ்சினைப் போல நடந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். இது நமக்கு வசதிதான். ஆனால் எதிர்பாராத நேரத்தில் நிகழ்ந்தால் எஞ்சின் சுவரை நோக்கி ஓடும். டீகோடரில் நாம் மாற்றக்கூடிய எண்களுள் சிவி 29 என்ற அமைப்பில் 4 என்ற மதிப்பு சேர்ந்திருந்தால் இந்த டிசி இயக்கம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த 4ஐக் கழித்து எழுதினால் டிசியில் எஞ்சின் அசையாது. இரு பகுதிகளிலும் ஓட வேண்டிய எஞ்சின்களுக்கு மட்டும் அதை விட்டுவைத்து, மற்றவற்றில் நீக்கிவிடுவது பாதுகாப்பானது.

டீகோடர் இல்லாத எஞ்சினை டிசிசியில் ஓட்டலாம் என்கிறார்களே?

சில கட்டுப்பாட்டு மையங்கள் சுழியம் என்ற முகவரியில் அதை அனுமதிக்கின்றன. சுழியத்துக்கான துடிப்பின் ஒரு பாதியை நீட்டுவதால் சராசரியாக ஒரு திசையில் சிறிது டிசி கிடைக்கிறது, மோட்டார் சுழல்கிறது. ஆனால் எஞ்சின் நிற்கும்போதும் அதனுள் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கீச்சென்ற ஒலியும் வெப்பமும் அதன் அடையாளங்கள். இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டார்கள் இதில் விரைவில் கருகிவிடும். செய்யாதிருப்பதே நல்லது.

இரண்டு ஏசி டிரான்ஸ்ஃபார்மர்களை ஒரே பாதையில் கொடுத்தால் வலு கூடுமா?

இதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இருதிசையிலும் வேலை செய்யும். இரண்டும் பாதையில் இணைந்திருக்க, ஒன்றின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினால், மற்றொன்று தரும் 16 வோல்ட் இதன் வெளியீட்டுச் சுருளுக்குள் புகுந்து, உள்ளீட்டுச் சுருளில் சுவர் மின்னழுத்தமாக உயர்ந்து, கையில் பிடித்திருக்கும் பிளக்கின் உலோகக் கால்களில் வந்து நிற்கும். தொட்டவருக்கு அது உயிராபத்து. பொம்மைக்கான குறைந்த மின்னழுத்தம்தானே என்ற அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை. இரு டிரான்ஸ்ஃபார்மர்களும் இரு தனித்த பகுதிகளுக்கே செல்ல வேண்டும். அவற்றுக்கு இடையே எஞ்சினும் பாலமாகக் கூடாது.

இதனோடு சேர்த்து இன்னொன்று. 220 வோல்ட் மின்வழங்கலுக்கெனச் செய்யப்பட்ட பழைய மெர்க்லின் டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டில் செருகினால் திசைமாற்றும் துடிப்பும் அதற்கேற்ப உயரும். பழைய ரிலே அதைப் பொருட்படுத்தாது. புதிய டீகோடர் பொருட்படுத்தும். உறை வெடித்த ஒயருள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து சரிசெய்யவும் முயல வேண்டாம். அதை ஒதுக்கிவிட வேண்டும்.

லெகோ ரயில்களின் 12 வோல்ட், 9 வோல்ட், பேட்டரி வகைகள் ஒத்துப்போகுமா?

மற்றவற்றைவிட இங்கே நிலைமை எளிது. 1969இல் வந்த 12 வோல்ட் முறையில் ஓடும் தண்டவாளம் பிளாஸ்டிக். மின்சாரம் நடுவில் தனியாகப் பதித்த இரு உலோகக் கம்பிகளில் வரும். 1991இல் வந்த 9 வோல்ட் முறையில் ஓடும் தண்டவாளத்தின் மேலேயே உலோகத் தகடு உண்டு. 2006 முதல் வந்தவற்றில் மின்சாரம் வண்டிக்குள்ளேயே பேட்டரியில் இருக்கிறது. பாதை வெறும் பிளாஸ்டிக். அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்று. 9 வோல்ட் துண்டும் பிளாஸ்டிக் துண்டும் நேராகவே கோத்துக்கொள்ளும். 12 வோல்ட் துண்டின் முனை வேறு வடிவம் என்பதால் இடையே ஒரு மாற்றுத்துண்டு தேவைப்படும். பேட்டரி ரயில் மூன்றிலும் ஓடும்.

12 வோல்ட் முறையின் மின்சாரம் நடுவிலும் 9 வோல்ட் முறையின் மின்சாரம் ஓரத்திலும் இருப்பதால், 9 வோல்ட் பாதையின் நடுவே இரு கம்பிகளைப் பதித்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே ஒரே பாதையில் இருக்கும். 9 வோல்ட் துண்டுகளை மட்டும் கொண்டு திரும்பும் வளையம் அமைத்தால் ஷார்ட் ஆகும். அந்த வளையத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகினால் அந்த இடத்தில் மின்சாரம் அறுபடும், ஷார்ட் ஆகாது. ஆனால் எஞ்சின் அதைத் தன் வேகத்திலேயே தாண்ட வேண்டியிருக்கும், தாண்டியதும் துருவம் தலைகீழாக இருப்பதால் திரும்பி ஓட முயலும்.

பாதையை விட்டுவிட்டு எஞ்சினை மாற்றினால் என்ன?

பல சமயங்களில் அதுவே குறைந்த வேலை. ஏசி பாதையில் டிசி மோட்டாரை ஓட்ட, எஞ்சினுக்குள் ஏசியை டிசியாக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயரை வைத்தால் போதும், ஏறத்தாழ 1.4 வோல்ட் அதில் இழப்பாகும். ஆனால் அதன் வெளியீட்டுத் துருவம் மாறாது என்பதால் திசையை மாற்ற எஞ்சினில் தனிச் சுவிட்சோ மின்னணுத் திசைமாற்றியோ வேண்டும். தலைகீழாக, பழைய மெர்க்லின் எஞ்சினின் புலச்சுருள் இரு பாதிகளாக இருப்பதால், ரிலேயை எடுத்துவிட்டு ஒவ்வொரு பாதிக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடை எதிரெதிர்த் திசையில் பற்றவைத்தால், டிசியின் துருவத்துக்கு ஏற்ப அது முன்னும் பின்னும் செல்லும். புலச்சுருளுக்குப் பதில் நிலைக்காந்தத்தைப் பொருத்தினாலும் அதே பயன். சக்கரங்களின் மின்காப்பு மட்டும் அப்போதும் தனிக் கேள்வியாக நிற்கும்.

எல்லா எஞ்சின்களுக்கும் டீகோடர் வைத்துவிட்டால் மின்வழங்கி ஒன்றாகிவிடும். தண்டவாளத்துக்கு டிசிசி மின்சாரம் தரும் கருவியான பூஸ்டருக்குத் தன் இரு கம்பிகள் இடது-வலது என்று செல்கின்றனவா, நடு-ஓரம் என்று செல்கின்றனவா என்பது தெரியாது, தெரியவும் தேவையில்லை. அப்போது மேலே சொன்ன மூன்று முனைச் சுவிட்சு இரண்டு மின்வழங்கிகளுக்குப் பதில் ஒரே மின்வழங்கியை இருவிதமாகப் பங்கிடும். தவறு நேர்ந்தாலும் பூஸ்டரின் ஷார்ட் பாதுகாப்பு இயங்குவதோடு முடிந்துவிடும். பழைய டிசி பாதையின் ஊட்டுத்துண்டில் வானொலி இரைச்சலைத் தடுக்க ஒரு மின்தேக்கி இருந்தால், டிசிசி கொடுக்குமுன் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். அது சதுர அலையின் விளிம்புகளை மழுக்கிவிடும்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

எஞ்சின் எதையும் ஏற்றாமல் தொடங்குங்கள். சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும், அணைந்த நிலை உட்பட, இடது-வலது, இடது-நடு, வலது-நடு ஆகிய மூன்று இணைகளையும் மல்டிமீட்டரால் அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அணைந்த நிலையில் மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். ஏசி நிலையில் இடது-வலதுக்கு இடையே சுழியமாக இருக்க வேண்டும். டிசி நிலையில் நடுவுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே நிலையான அளவு எதுவும் வரக் கூடாது.

அடுத்தது நாணயச் சோதனை. பாதையின் மிகத் தொலைவான மூலையில் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களின் மேலும் வைத்தால், டிசிசி பூஸ்டர் உடனே அணைய வேண்டும். ஏசி நிலையில் நடுப் பொத்தானையும் ஓரத் தண்டவாளத்தையும் ஓர் ஒயரால் தொட்டு, ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரின் பாதுகாப்போ இயங்குகிறதா என்று இதேபோல் பார்க்க வேண்டும். அணையவில்லையென்றால், நீளமான பாதையின் மின்தடை ஷார்ட்டை மறைக்கிறது என்று பொருள். அந்த இடத்துக்கு அருகே தடித்த ஒயரில் மற்றோர் ஊட்டு இணைப்பைக் கொடுத்து, மீண்டும் நாணயத்தை வைத்துப் பாருங்கள். அது அணைந்த பிறகு, இழந்தாலும் வருந்தாத ஒரு பழைய எஞ்சினை முதலில் ஏற்றுங்கள்.